அப்பாவின் கணிப்பொறிக்கு ஒரு வாசற்கதவு

எங்கள் ஊர் சத்தியவேடு. ஊத்துக்கோட்டைக்கு அப்பால், ஆந்திர எல்லைக்குள் இருக்கும் ஊர் என்று சொன்னால்தான் இங்குள்ள நண்பர்களுக்குப் புரிகிறது. என் தந்தையார் பிறந்தபோது அது செங்கல்பட்டு மாவட்டம். 1960 ஏப்ரல் முதல் தேதி நடந்த எல்லை மாற்றத்தில் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. எங்கள் பகுதி ஆந்திராவுக்குப் போய்ச் சித்தூர் மாவட்டத்தில் சேர்ந்தது. 2022 ஏப்ரலிலிருந்து திருப்பதி மாவட்டம். வீடு ஓர் அங்குலம்கூட நகரவில்லை. விலாசம்தான் மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

இதன் பலன் எங்கள் வீட்டு பீரோவில் தெரியும். தாத்தா காலத்துக் கிரயப் பத்திரங்கள் தமிழில், பிற்காலத்தவை தெலுங்கில். அப்பா தெலுங்கு நன்றாகப் பேசுவார், வாசிப்பதற்குத் தடுமாறுவார். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கணிப்பொறியும் ஸ்கேனரும் வாங்கிக் கொடுத்தேன். பொறுமையாக எல்லாப் பத்திரங்களையும் அதில் ஏற்றிவிட்டார். ஆனால் ஆந்திர அரசின் 'மீ பூமி' தளத்தில் அடங்கல் பார்க்க வேண்டுமென்றால் என்னைத்தான் கூப்பிடுவார். பள்ளியில் தெலுங்கு படித்தவன் நான். இங்கே இரவு பத்து மணி, அங்கே மறுநாள் காலை ஏழரை.

"மேலே வலது பக்கம் ஒரு பட்டன் இருக்கா அப்பா?"

"எதுக்கு மேலே?"

இப்படியே அரைமணி நேரம் ஓடும். நம்மில் பலருக்கு இந்த அனுபவம் இருக்கும். நானே உள்ளே போய்ப் பார்த்துவிட்டால் என்ன என்று தோன்றியது.

தடையாக நின்றது ஃபயர்வால். தீயரண் என்றும் தமிழில் எழுதுகிறார்கள். விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2004ஆம் ஆண்டு வந்த இரண்டாவது சர்வீஸ் பேக்கிலிருந்து இது கணிப்பொறியோடேயே, இயங்கும் நிலையில் வருகிறது. இதன் அடிப்படை விதி எளிது. உள்ளிருந்து வெளியே கேட்டுப் போனதற்குப் பதில் வந்தால் விடும். கேட்காமல் வெளியிலிருந்து தட்டுகிறவரை விடாது. வீட்டிலுள்ள ரவுட்டரும் ஏறக்குறைய இதே காவலைச் செய்கிறது. வெளியார் வர வேண்டுமானால், எந்த எண்ணுள்ள வாயிலில் வருவார் என்று இரண்டிலும் எழுதி வைக்க வேண்டும். விண்டோசின் 'ரிமோட் டெஸ்க்டாப்' வசதிக்கு 3389 என்ற வாயில். (மலிவான ஹோம் பதிப்பில் இதற்கு அனுமதி இல்லை, புரோ பதிப்பு வேண்டும்.)

விடுமுறையில் ஊருக்குப் போனபோது நான் அந்த வாயிலைத் திறந்துவிட்டு வந்தேன். யாருக்காகத் திறந்தேன்? எனக்காக. ஆனால் யாருக்கு என்று எழுதவில்லை. வெறும் 'திற' என்றால் உலகத்துக்கே திறந்ததாகத்தான் அர்த்தம்.

ஒரு வாரத்தில் அப்பாவின் குரல் மாறியிருந்தது. கடவுச்சொல்லைச் சரியாகக் கொடுத்தாலும் கணிப்பொறி உள்ளே விடவில்லை என்றார். பதிவேட்டைப் பார்த்தேன். பெயர் தெரியாத விலாசங்களிலிருந்து இரவு பகலாகக் கடவுச்சொல்லை ஊகித்து அடித்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். ஆட்கள் இல்லை, நிரல்கள். இணையத்தில் உள்ள எண்களை வரிசையாகத் தட்டிப் பார்ப்பதே அவற்றின் வேலை. பலமுறை தவறினால் கணக்கு கொஞ்ச நேரம் பூட்டிக்கொள்ளும். திருடனுக்குப் போட்ட பூட்டு வீட்டுக்காரரையே வெளியே நிறுத்திவிட்டது. பத்திரங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஒன்றும் ஆகாது என்று நினைக்கிறவர்களுக்கு 2017 நினைவிருக்கலாம். அவ்வாண்டு மே 12 அன்று கிளம்பிய 'வான்னாக்ரை' 150 நாடுகளுக்கு மேல் பரவி, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. அது நுழைந்தது 445 என்ற வாயிலின் வழியாக. ஆந்திரக் காவல்துறையின் கணிப்பொறிகளும் அதில் சிக்கின. பாதிக்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட மாவட்டங்களில் சித்தூரும் ஒன்று. சத்தியவேடு அப்போது அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதங்களுக்கு முன்பே, மார்ச் 14ஆம் தேதி வெளியிட்டிருந்தது. போடாதவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள்.

முதலில் ரவுட்டரில் திறந்த வாயிலை மூடச் செய்தேன். என் விலாசத்துக்கு மட்டும் அனுமதி என்று எழுதலாமா என்று யோசித்தேன். ஆனால் என் இணைய விலாசமும் எங்கள் ஊரைப் போலத்தான், நான் நகராமலே மாறும். போதாக்குறைக்கு அப்பா இணைய இணைப்பை மாற்றிவிட்டார். புதிய இணைப்பில் வீட்டுக்கென்று தனிப் பொது எண்ணே இல்லை. பழைய முறையில் உலகத்துக்கு உள்ளவை சுமார் 430 கோடி எண்கள்தாம். அவை போதாமல், இந்தியாவில் பல நிறுவனங்கள் பல வீடுகளுக்குச் சேர்த்து ஓர் எண்ணைக் கொடுக்கின்றன. அப்படியிருந்தால் வெளியிலிருந்து எத்தனை தட்டினாலும் உங்கள் வீட்டுக் கதவுக்குச் சத்தம் வராது.

வழி தலைகீழாக இருந்தது. நான் அங்கே போவதற்குப் பதில், அப்பாவின் கணிப்பொறி இங்கே என்னைக் கூப்பிட வேண்டும். இதற்கு 'வயர்கார்ட்' என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்தினேன். 2020இல் லினக்சின் மையப் பகுதியிலேயே சேர்க்கப்பட்டது, விண்டோசிலும் ஓடும். இரு முனைகளுக்கும் தனித்தனிச் சாவி. என் ரவுட்டரில் ஒரு வாயில் திறந்திருக்கிறது, உண்மைதான். ஆனால் சரியான சாவி இல்லாமல் தட்டினால் 'இல்லை' என்ற பதில்கூட வராது. ஊரில் கதவைத் தட்டி "நான்தான்" என்றால் அம்மா குரலைக் கேட்டுத்தானே திறப்பார், விலாசம் கேட்டதில்லை. இதுவும் அப்படித்தான்.

அந்தச் சுரங்கப்பாதைக்குள் எனக்கு 10.8.0.2 என்று ஒரு மாறாத எண் வைத்துக்கொண்டேன். அப்பாவின் ஃபயர்வாலில் 3389க்கான விதியைத் திறந்தால் 'ஸ்கோப்' என்ற பகுதி வரும். அங்கே 'எந்த விலாசமும்' என்றிருப்பதை எடுத்துவிட்டு அந்த ஒரே எண்ணை எழுத வேண்டும். இந்த ஒரு வரிதான் முன்பு நான் செய்யத் தவறியது.

எல்லாம் சரியாயிற்று என்று ஒருநாள் சொல்லாமல் உள்ளே போனேன். அப்பா ஏதோ கடிதம் எழுதிக்கொண்டிருந்திருக்கிறார். ரிமோட் டெஸ்க்டாப்பில் வெளியார் உள்ளே வந்தால், முன்னால் உட்கார்ந்திருப்பவரின் திரை பூட்டிக்கொள்ளும். அவர் மறுபடியும் திருடன் என்று பயந்து மின்சாரத்தையே நிறுத்திவிட்டார். கடிதமும் போயிற்று.

"நம்ம வீடுதான், இல்லேங்கல. ஆனா சொல்லிட்டு வாப்பா" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. யாரை நம்பலாம் என்று நான் மட்டுமே தீர்மானித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கே வயர்கார்ட் தானாகத் தொடங்காதபடி மாற்றிவைத்தேன். இப்போது இணைப்பைப் போடுவதும் எடுப்பதும் அவர் கையில்.

அவரிடம் இன்னொன்றும் சொல்லி வைத்திருக்கிறேன். வங்கியிலிருந்து பேசுகிறோம், இதைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று யார் சொன்னாலும் போனை வைத்துவிட வேண்டும். 'எனிடெஸ்க்' போன்ற செயலிகளைப் போடவைத்துப் பணத்தை எடுக்கிறார்கள் என்று ரிசர்வ் வங்கியே 2019இல் எச்சரித்தது. உள்ளே இருப்பவரே கதவைத் திறந்துவிட்டால் ஃபயர்வால் என்ன செய்யும்? பத்திரங்களின் நகல் ஒரு தனி டிஸ்கில், கணிப்பொறியோடு இணைக்காமல் பீரோவில் இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பா கூப்பிட்டார். "போட்டுட்டேன், வா." கிணற்றடி நிலத்தின் அடங்கலைப் பார்த்து வாசித்துச் சொன்னேன். தாத்தாவின் பத்திரத்தில் உள்ள அளவோடு ஒத்துப் பார்க்கலாம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் திரை அறுந்துபோயிற்று. போனில் கேட்டால், "காபி ஆறிப்போச்சுப்பா, மீதி அடுத்த வாரம்" என்றார்.