அறிக்கை என்ற பெயரில் வரும் கோப்பு

சிகிச்சைக்கெனச் சேர்த்த பணம் வங்கியில் இருக்கும் நாள்களில், உடனிருப்போரின் கைப்பேசியும் காக்கப்பட வேண்டியதே. ராஜபாளையத்திலிருந்தும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தும் வரும் குடும்பத்தாரிடம் இதனை நாங்கள் வலியுறுத்துகிறோம்.

திருமண அழைப்பிதழ், போக்குவரத்து அபராதம், பி.எம். கிசான் உதவித்தொகை என்ற பெயர்களில் மோசடிக் கோப்புகள் வாட்ஸ்அப்பில் பரவியுள்ளன. தெரிந்தவர் எண்ணிலிருந்தும் அவை வரலாம். அவரது கைப்பேசி முன்பே மோசடியாளர் வசமாகியிருக்கும். கோப்புப் பெயரின் இறுதியில் ஏ, பி, கே என்னும் மூன்று ஆங்கில எழுத்துகள் இருந்தால், அது ஆவணமன்று, செயலி. நிறுவியதும் குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும். அளித்துவிட்டால், வங்கி அனுப்பும் ஓடிபி மோசடியாளருக்குப் போய்ச் சேரும்.

ஆய்வக அறிக்கை, காப்பீட்டுக் கடிதம் என்று சொல்லி அத்தகைய கோப்பு வந்தால் திறவாதீர்கள். எங்கள் வரவேற்பு மேசையில் நேரில் கேளுங்கள். செயலிகளைப் பிளே ஸ்டோரிலிருந்து மட்டுமே பெறுங்கள்.

தவறி நிறுவிவிட்டால், இணையத் தொடர்பைத் துண்டித்து, வேறொரு கைப்பேசியிலிருந்து வங்கிக்கும் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கும் தெரிவியுங்கள். வெட்கி மறைக்க வேண்டாம். மாரடைப்பில் போலவே இங்கும் முதல் ஒரு மணி நேரம் அருமையானது.