மழை இரவும் குழம்புச் சோறும்

மலேசியாவின் வடமேற்கிலுள்ள கெடா மாநிலத்தில், சுங்கை பட்டாணி, கூலிம், பீடோங் முதலிய ஊர்களில், மழை பிடித்துக்கொண்ட இரவில் வேண்டியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போய்ச் சூடான சோற்றில் குழம்பு ஊற்றிச் சாப்பிடுவது இன்று எளிய இன்பங்களுள் ஒன்றாக இருப்பினும், இவ்வூர்களைச் சூழ்ந்திருந்த ரப்பர் தோட்டங்களில் வாழ்ந்த தமிழருக்கு மழை இரவு நெடுங்காலம் கவலை தந்த இரவாகவே இருந்தது.

1909இல் சயாமின் மேலாதிக்கத்திலிருந்து பிரிட்டிஷ் ஆதிக்கத்துக்கு மாறிய கெடாவில் ரப்பர் பயிர் விரைந்து பரவியபோது, ஆள் திரட்டி வந்து மேற்பார்த்த கங்காணிகள் வழியாகவும் பிறவாறும் தமிழகத்திலிருந்து வந்தவர்கள், லயம் எனப்படும் வரிசை வீடுகளில் தங்கி நாட்கூலிக்கு மரம் வெட்டினர். மரம் வெட்டுதல் என்பது பட்டையைச் சாய்வாகச் சீவிப் பால் எடுக்கும் வேலை. குளிர்ந்த விடியற்காலையில்தான் பால் நன்றாக ஓடும். இரவு மழையில் பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டுக்கோட்டை விட்டு வழிந்து, மங்கு எனப்படும் கிண்ணத்தில் சேராமல் வீணாகும். வெட்டிய பின் மழை வந்தாலோ மங்கில் சேர்ந்த பாலும் கரைந்தோடும். ஆகவே கூரைத் தகரத்தில் மழை விழும் ஓசை மறுநாள் கூலிக்கு ஆபத்து என்பதை முன்கூட்டியே சொல்லிவிடும். அன்றைய இரவுக்குக் கருவாட்டுக் குழம்போ முருங்கைக் கீரையோ வீட்டு அடுப்பிலேயே வெந்தது. பட்டணத்துக் கடையில் கறிச்சோறு உண்பது சம்பளம் போட்ட நாளுக்குரிய செலவு.

அந்தக் கடைகளுள் தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் நாசி கண்டார் கடைகள் தனியே குறிப்பிடத்தக்கவை. தோளில் தாங்கிய தடியின் இரு முனைகளிலும் சோற்றையும் குழம்பையும் தொங்கவிட்டுப் பினாங்குத் தெருக்களில் விற்றவர்களிடம் தோன்றிய இவ்வுணவு, அண்டையிலுள்ள கெடாவிலும் வேரூன்றியது. பரிமாறுபவர் சோற்றின்மேல் வறுத்த கோழியையோ மீனையோ வைத்து, அவித்த வெண்டைக்காயைச் சேர்த்து, மீன் குழம்பில் ஒரு கரண்டி, கோழிக் குழம்பில் ஒரு கரண்டி, பருப்பில் ஒரு கரண்டி என மாறி மாறி ஊற்றுவார். தட்டு நிறைய ஊற்றச் சொல்ல விரும்புபவர் ‘பாஞ்சிர்’ என்பார், அது வெள்ளம் எனப் பொருள்படும் மலாய்ச் சொல். இக்கலப்பைப் பக்குவமற்ற செயலாக எண்ணுவது தவறு. மீன் குழம்பின் புளிப்பு இறைச்சிக் குழம்பின் கனத்தைத் தணிக்க, பருப்பு இரண்டின் காரத்தையும் தாங்கிக்கொள்ள, எந்த ஒரு சட்டியிலும் இல்லாத சுவை தட்டில்தான் உருவாகிறது. மாட்டிறைச்சி உண்ணாத இந்துக்கள் “அண்ணே, மாட்டுக் குழம்பு வேண்டாம்” என்று முதலிலேயே சொல்லிவிடுவதும், பரிமாறுபவர் அந்தக் கரண்டியைத் தொடாமல் மற்றவற்றை ஊற்றுவதும், சமயம் வேறான தமிழர் ஒரே கூரையின்கீழ் பல காலமாகப் பழகிய நாகரிகம்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டும், செம்பனைக்கு மாறியும், தொழிற்சாலைகளுக்கும் வீட்டுமனைகளுக்கும் இடம்விட்டும் சுருங்கியபின், லயத்துப் பிள்ளைகள் பலர் பட்டணத்து வேலைக்கு வந்தனர். 1996இல் திறக்கப்பட்ட கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா போன்ற இடங்களில் முறைவேலை செய்பவருக்கு மழையால் சம்பளம் குறைவதில்லை. இரவு முறை தொடங்குமுன் சக தொழிலாளியோடு நனைந்தபடி கடைக்கு வந்திறங்கி, இருவரும் ‘தே தாரிக்’ எனப்படும் நுரை பொங்க ஆற்றிய தேநீரோடு தத்தம் குழம்புச் சோற்றை நிதானமாக உண்டுவிட்டு வேலைக்குப் போகிறார்கள்.