நிற்கும் பந்து

சென்ற ஆண்டு விடுமுறையிலே ரொறன்ரோவில் வாழும் என் தமையனார் இல்லத்தில் ஒரு திங்கள் தங்கியிருந்தேன். மாலைதோறும் அவ்வீட்டுக் கார்க் கொட்டகையிலிருந்து 'மொத்' என்றோர் ஓசை ஒரே அளவாக எழும். எட்டிப் பார்த்தேன். பன்னிரண்டு வயதுப் பெறாமகள், இடுப்பளவு உயரமுள்ள றப்பர்த் தண்டின் மேல் பந்தை வைப்பதும், எதிரே தொங்கும் வலையினுள் மட்டையால் அடிப்பதும், மீண்டும் வைப்பதுமாக நின்றாள்.

"நூறு அடிக்கவேணும், சித்தப்பா. எண்ணிக்கொண்டிருங்கோ" என்றாள்.

மென்பந்து என்றதும் நம்மூர் மென்பந்துக் கிரிக்கெற்றை எண்ணற்க. இது 1887 இல் சிக்காகோ நகரில் தோன்றிய வேறோர் ஆட்டம். பந்தின் சுற்றளவு 12 அங்குலம். பெயரில் உள்ள மென்மை பந்தில் இல்லை. தொட்டுப் பார்த்தே சொல்கின்றேன்.

நிகண்டை நெட்டுருச் செய்வித்தே காலங் கழித்த எனக்குங்கூட அக்காட்சி பேதைமையாகவே பட்டது. களத்திலே பந்து பறந்து வருகின்றது. இங்கோ அசையாது நிற்கின்றது. நிற்கும் பந்தை அடித்து என்ன பயன்?

தமையனார் விளக்கினார். வளர்ந்த மகளிர் ஆட்டத்தில் 43 அடித் தொலைவிலிருந்து பந்து கைதாழ்த்தி எறியப்படும். மணிக்கு 60 மைல் வேகத்தில் வருமாயின் அரை விநாடிக்குள் வந்துவிடும். அடிப்பதா விடுவதா என்று துணிவதற்கே அப்பொழுது போதாது. கால் ஊன்றி, இடை திரும்பி, பின்னரே கை வரவேண்டும் என்னும் ஒழுங்கை அந்நேரத்தில் எண்ணுவது யாங்ஙனம்? அதனை உடல் முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். உடலை ஒட்டி வரும் பந்தை முன்னதாகவே சந்திக்க வேண்டுமாதலின், அதற்கெனத் தண்டை முன்னே நகர்த்துவர். விலகி வரும் பந்துக்குப் பின்னே. தேர்ந்த ஆட்டக்காரரும் இத்தண்டைக் கைவிடுவதில்லையாம்.

எண்ணினேன். அறுபதைக் கடந்ததும் ஓசை மாறிற்று. தோள் சோர்ந்து மட்டையின் தலை தாழ, பந்து வலையின் உச்சிக்குப் பாய்ந்தது. அறுபத்துமூன்றில் தமையனார் எழுந்து பந்தை எடுத்துக்கொண்டார்.

"இன்னும் முப்பத்தேழு இருக்கே, அப்பா!"

"இனி அடிக்கிறது பிழையைப் பழகிறது, பிள்ளை."

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் மாணவன் ஒருவன் 'சுவற்றில்' என எழுதினான். 'வயிறு' என்பது 'வயிற்றில்' என இரட்டும். 'சுவர்' அவ்வாறு இரட்டாது என்று கூறி, 'சுவரில்' என்பதனை ஐம்பது முறை எழுதிவரப் பணித்தேன். மறுநாள் கொப்பியின் அடியிலே சிவப்பு மையால் ஒப்பமிட்டேன். ஆண்டிறுதிப் பரீட்சையிலும் அவன் 'சுவற்றில்' என்றே எழுதியிருந்தான். சினந்து அழைத்தேன். அவன் வாய் பேசாது பழைய கொப்பியை விரித்தான். முதல் ஐந்து வரிகளில் 'சுவரில்'. ஆறாவது வரி தொடங்கி ஐம்பதாவது வரை 'சுவற்றில்'. அதன் கீழே என் ஒப்பம்.

நெட்டுருவைக் கிளிப்பிள்ளைக் கல்வி என்று பழிப்போர் கூட்டத்தில் நான் இன்றும் இல்லை. ஆயினும் அந்தச் சிவப்பு மை கண்ணை விட்டு அகலவில்லை.

மறுநாள் மாலை கதிரையை வலைக்கு அண்மையில் இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் தோளையும் மட்டையையும் பார்த்திருந்தேன்.

"எத்தனை, சித்தப்பா?"

"எண்ணவில்லை, பிள்ளை. இப்ப அடிச்சது சரி."