மூக்கை எவ்வளவு மாற்ற முடியும்?

முக அழகுக்காக உலகெங்கும் அதிகம் செய்யப்படும் அறுவை சிகிச்சைகளில் மூக்குச் சீரமைப்பும் ஒன்று. மருத்துவர்கள் இதை ரைனோபிளாஸ்டி என்கிறார்கள். மேட்டைச் சீவுவது, சப்பை மூக்கை உயர்த்துவது, உருண்டை நுனியைச் சிறிதாக்குவது, கோணலை நேராக்குவது எல்லாம் இதில் அடங்கும். பெரும்பாலும் சில மில்லிமீட்டர் கணக்கில் நடக்கும் வேலை இது.

இந்தியாவுக்கு இந்தக் கலை பழையது. அறுபட்ட மூக்கைக் கன்னத் தோல் கொண்டு மீண்டும் அமைக்கும் முறையைப் பழைய மருத்துவ நூலான சுசுருத சம்ஹிதை விவரிக்கிறது. திப்பு சுல்தானுடனான போரில் ஆங்கிலேயப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜியின் மூக்கு அறுக்கப்பட்டதையும், நெற்றித் தோலால் அவருக்குப் புது மூக்கு வைக்கப்பட்டதையும் லண்டன் இதழான ஜென்டில்மேன்ஸ் மேகசின் 1794இல் படத்துடன் வெளியிட்டது. அந்த முறையை ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஜோசப் கார்ப்யூ 1814இல் லண்டனில் செய்து காட்டினார். மூக்கே இல்லாதவருக்கு எந்த மூக்கு கிடைத்தாலும் லாபம்தான். இருக்கும் மூக்கை இன்னும் அழகாக்க விரும்பும்போதுதான் எதிர்பார்ப்பு சிக்கலாகிறது.

தோல் போடும் எல்லை

மூக்கின் மேற்பகுதி எலும்பு, கீழ்ப்பகுதி குருத்தெலும்பு. மருத்துவர் செதுக்குவது இவற்றைத்தான். மேலே இருக்கும் தோல் புது வடிவத்தின் மீது தானாகப் படிய வேண்டும். மெல்லிய வேட்டியைப் போர்த்தினால் உள்ளிருப்பதன் வடிவம் தெரியும்; கம்பளியைப் போர்த்தினால் தெரியாது. தடித்த தோலுள்ள மூக்கில் நுனியைக் கூர்மையாக்கினாலும் வெளியே அவ்வளவாகத் தெரியாது. மெல்லிய தோலிலோ சிறு மேடுபள்ளமும் வெளியே தெரிந்துவிடும். நடிகையின் படத்தைக் காட்டி அதே மூக்கைக் கேட்பவருக்கு அது கிடைக்காததற்கு இதுதான் காரணம். கணினியில் காட்டப்படும் மாதிரிப் படமும் இலக்கைப் பேசிக்கொள்ள உதவும் கருவிதான், உத்தரவாதம் ஆகாது. யாருடைய முகத்திலும் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒன்றுபோல் இருப்பதில்லை. சிகிச்சைக்குப் பிறகும் அப்படித்தான்.

ஓராண்டுப் பொறுமை

மூக்கின் மேல் வைக்கும் கட்டு ஏறக்குறைய ஒரு வாரத்தில் எடுக்கப்படும். கண்ணைச் சுற்றிய கன்றல் இரண்டு வாரங்களில் மங்கும். வீக்கத்தின் பெரும்பகுதி சில மாதங்களில் வற்றிவிடும். நுனி வீக்கம்தான் கடைசியில் போகும். இறுதி வடிவம் தெரிய ஓராண்டு ஆகலாம். தோல் தடித்தவர்களுக்கு அதற்கு மேலும் ஆகும். கட்டு அவிழ்த்த அன்று கண்ணாடியில் தெரியும் மூக்கை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. குறை இருந்தாலும், மறு அறுவையை மருத்துவர்கள் பொதுவாக ஓராண்டுக்குப் பிறகே யோசிப்பார்கள். ரத்தப்போக்கு, தொற்று, மூச்சடைப்பு, நுனி மரத்துப்போதல் ஆகியவை நேரக்கூடிய பாதிப்புகள்.

செல்ஃபியும் மனமும்

கைபேசிப் படத்தைப் பார்த்து மூக்கு பெரிது என்று முடிவு செய்வது தவறான தொடக்கம். 12 அங்குல தூரத்தில் எடுத்த செல்ஃபியில், 5 அடி தூரத்தில் எடுத்த படத்தைவிட மூக்கு சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018இல் வெளியான அமெரிக்க ஆய்வு கணக்கிட்டது.

பிறர் கண்ணுக்கே படாத குறையை நினைத்து நாளெல்லாம் மருகுவது உடல் தோற்ற மனக்கோளாறாக இருக்கலாம். இந்தக் கோளாறு உள்ளவர்களுக்கு அறுவை பெரும்பாலும் நிம்மதி தருவதில்லை. மனநல சிகிச்சைதான் வழி. கல்யாணம் கூடிவரும், வேலை கிடைக்கும் என்று நம்பி வருபவர்களுக்கும் ஏமாற்றமே மிஞ்சக்கூடும். “பக்கவாட்டில் தெரியும் இந்த மேடு குறைய வேண்டும்” என்று ஒரு குறையைச் சுட்டிச் சொல்பவர்கள்தான் பெரும்பாலும் திருப்தியடைகிறார்கள்.

முன்பே கேட்க வேண்டியவை

முக வளர்ச்சி முடியும் முன், அதாவது பதின்பருவத்தின் பிற்பகுதிக்கு முன், அழகுக்கான அறுவை பொதுவாகச் செய்யப்படுவதில்லை. சிகிச்சை செய்பவர் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். போன்ற உயர்பட்டம் பெற்றவரா, அல்லது இதில் பயிற்சியுள்ள காது மூக்குத் தொண்டை நிபுணரா என்று விசாரிக்க வேண்டும். தன்னைப் போன்ற மூக்குள்ளவர்களின் முன் பின் படங்களைக் கேட்டுப் பார்ப்பது நல்லது. புகைப்பழக்கம் காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தும் என்பதால் சில வாரங்களுக்கு முன்பே நிறுத்த வேண்டும்.

விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிந்தைய சீரமைப்பு போன்றவற்றைத் தவிர, அழகுக்கான அறுவைக்கு இந்தியாவில் மருத்துவக் காப்பீடு பொதுவாகப் பணம் தராது. மறு அறுவை தேவைப்பட்டால் அந்தச் செலவும் சொந்தக் கைக்காசுதான்.