இணையதள நிரலாக்கத்திற்கு உள்ளகப் பணிச்சூழல்

கல்வி உதவித்தொகை, குடும்ப அட்டை, வேளாண் மானியம் எனப் பல்வேறு சேவைகளுக்கும் மக்கள் இணையதளங்களின் வாயிலாகவே விண்ணப்பிக்கும் நிலை இன்று நாட்டில் ஏற்பட்டுள்ளது. இத்தகைய தளமொன்றில் நேரும் சிறு பிழையும், கடைசி நாளன்று பொதுச் சேவை மையத்தில் வரிசையில் நிற்கும் விண்ணப்பதாரரின் வாய்ப்பைப் பறித்துவிடக் கூடும். ஆகவே, எந்த மாற்றத்தையும் மக்கள் பயன்படுத்தும் தளத்தில் நேரடியாகச் செய்யாமல், முதலில் நிரலரின் சொந்தக் கணினியிலேயே செய்து சோதித்தல் இன்றியமையாததாகிறது. இதன்பொருட்டு அக்கணினியில் செய்துகொள்ளப்படும் ஏற்பாடே உள்ளகப் பணிச்சூழல் எனப்படும்.

உலாவி ஒரு பக்கத்தைக் கோருகிறது; சர்வர் எனப்படும் வழங்கி அக்கோரிக்கையை ஏற்று, நிரலை இயக்கி, தரவுத்தளத்திலிருந்து விவரங்களைப் பெற்று, பக்கத்தைத் தொகுத்து அனுப்புகிறது. வழக்கமாக உலாவி ஓரிடத்திலும் வழங்கி தொலைவிலுள்ள தரவு மையத்திலும் இருக்கும். இரண்டும் ஒரே கணினியில் இருப்பதற்குத் தடை ஏதுமில்லை. 127.0.0.1 என்னும் முகவரி கணினி தன்னையே குறித்துக்கொள்ளும் முகவரியாகும். அதற்கு அனுப்பப்படும் கோரிக்கை கணினியை விட்டு வெளியே செல்வதே இல்லை. மென்பொருளை ஒருமுறை நிறுவிவிட்டால் இணைய இணைப்பின்றியே பணியாற்றலாம் என்பது, இணைப்பு அடிக்கடி துண்டிக்கப்படும் ஊர்ப்புறப் பாலிடெக்னிக் மாணவர்களுக்குச் சிறிய நன்மையன்று.

இதற்கான மென்பொருள்களுக்குப் பணம் செலவிட வேண்டியதில்லை. அப்பாச்சி வழங்கி, பிஎச்பி மொழி, மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் ஆகிய மூன்றும் 1995ஆம் ஆண்டில் வெளிவந்தவை. இவ்வகை மென்பொருள்களை ஒரே தொகுப்பாக நிறுவ உதவும் எக்ஸாம்ப் 2002 முதல் கிடைத்து வருகிறது. இதில் இப்போது மைஎஸ்கியூஎல்லுக்குப் பதிலாக அதன் கிளையான மரியாடிபி இடம்பெறுகிறது. திறந்த மூல மென்பொருளை அரசுப் பணிகளில் பயன்படுத்துவதற்கான கொள்கையை மத்திய அரசு 2015இல் அறிவித்தது. மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டம் இத்தகைய மென்பொருள்களைத் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் கற்பித்து வருகிறது.

நிறுவுதல் கடினமான வேலையன்று. கடினம் வேறிடத்தில் உள்ளது: சொந்தக் கணினியில் சரியாக இயங்கிய நிரல் உண்மையான வழங்கியில் தடுமாறுவதே அது. விண்டோஸ் கணினி கோப்புப் பெயர்களில் ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை. லினக்ஸ் வழங்கி வேறுபடுத்திப் பார்க்கும். வீட்டில் தெரிந்த படம் அங்கே தெரியாமற்போவதற்கு இது ஒரு பொதுவான காரணம். பதிப்பு வேறுபாடும் அவ்வாறே. பழைய மைஎஸ்கியூஎல் கட்டளைத் தொகுதி 2015இல் வெளியான பிஎச்பி 7இல் அடியோடு நீக்கப்பட்டது.

நேரக் கணக்கு இன்னும் நுட்பமானது. கால மண்டலத்தைக் குறிப்பிடாவிடில் பிஎச்பி உலகப் பொது நேரத்தையே கொள்ளும்; இந்திய நேரம் அதற்கு ஐந்தரை மணி முன்னால் உள்ளது. அதாவது, நள்ளிரவில் முடிய வேண்டிய விண்ணப்பக் காலம் காலை 5.30 வரை நீளும். நள்ளிரவில் திறக்க வேண்டிய படிவம் காலையில்தான் திறக்கும். எக்ஸாம்ப் அமைப்புக் கோப்பிலோ பெர்லின் நேரம் குறிக்கப்பட்டிருப்பது வழக்கம்! இரு இடங்களிலும் ஆசியா/கொல்கத்தா என்று மாற்றிவிடுதல் நலம்.

தமிழில் தகவல் பெறும் தளங்களுக்கு எழுத்துக் குறிமுறையும் முக்கியம். மைஎஸ்கியூஎல்லின் இயல்பான குறிமுறை 2018இல் வந்த 8.0 பதிப்பு வரை லத்தீன் எழுத்துகளுக்கானது. அத்தகைய அட்டவணையில் தமிழ்ப் பெயர் கேள்விக்குறிகளாகப் பதிந்துவிட்டால் அதனை மீட்க இயலாது. மேலும், "தமிழ்" என்னும் சொல் நம் கண்ணுக்கு மூன்றெழுத்து. யூனிகோடு முறையில் அது ஐந்து குறிகள், யுடிஎஃப்-8 வடிவில் பதினைந்து பைட்டுகள். பெயருக்கு முப்பது பைட்டு என்று வரம்பு வைக்கும் நிரல், பத்துக் குறிகளைத் தாண்டிய பெயரை ஏற்காது. ஆங்கிலப் பெயர்களை மட்டும் இட்டுச் சோதிப்பவருக்கு இக்குறை தெரியவே வராது.

சோதனைக்காக உண்மையான பயனாளிகளின் விவரங்களைச் சொந்தக் கணினியில் படியெடுத்து வைக்கும் வழக்கம் கண்டிக்கத்தக்கது. எக்ஸாம்ப் தொகுப்பில் தரவுத்தளத்தின் தலைமைப் பயனருக்குக் கடவுச்சொல்லே இருப்பதில்லை; அது பயிற்சிக்கும் சோதனைக்கும் உரியதேயன்றிப் பொதுப் பயன்பாட்டிற்கு உரியதன்று. எண்ம முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, தக்க பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்யத் தவறினால் ரூ.250 கோடி வரை அபராதம் விதிக்க வகை செய்கிறது. கற்பனை விவரங்களே சோதனைக்குப் போதும். ஆனால், அவை நாட்டு நடப்பை ஒத்திருக்க வேண்டும்: குடும்பப் பெயர் இல்லாதவர், தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் இடுபவர், ஒரே சொல்லைப் பெயராகக் கொண்டவர், பிறந்த ஆண்டு மட்டுமே அறிந்த முதியவர் ஆகியோரும் அப்பட்டியலில் இடம்பெற வேண்டும்.