குப்பைக்குப் போன கடல் பயணம்

பழைய வெளிநாட்டு பார்சல்கள் எந்த வழியாக வந்தன? பதில் உறையில் இருக்கிறது, உறை இருந்தால்.

அந்த நாளில் வெளிநாட்டு பார்சல் வந்தால் வீட்டில் முதலில் தேடியது கத்தரிக்கோலைத்தான். தையலைப் பிரித்து, அரக்கை உடைத்து, உள்ளே இருப்பதை எடுத்துக்கொள்வார்கள். தபால்தலையைப் பையன் வெட்டிக்கொள்வான். மிச்சத் துணியும் காகிதமும் குப்பைக்கு. பழைய கடிதங்கள் ஏராளமாகக் கிடைக்க, முழு பார்சல் உறைகள் அபூர்வமாகிப்போனது இப்படித்தான்.

நஷ்டம் சின்னதல்ல. சர்வதேச பார்சல் ஒப்பந்தம் 1880-ல் பாரிஸில் கையெழுத்தானது. அடுத்து வந்த ஆண்டுகளில் லண்டனிலிருந்து பம்பாய்க்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, ஜிப்ரால்டர் வழியாக முழுக்கக் கப்பலில். மற்றது, ரயிலில் ஐரோப்பாவைக் கடந்து, இத்தாலியின் பிரிண்டிசி துறைமுகத்தில் கப்பலேறுவது. இது சீக்கிரம் வரும், கட்டணம் அதிகம். இரண்டும் சூயஸ் கால்வாயைக் கடந்தே வந்தன.

எந்த வழி என்பதை உறை எப்போதும் சொல்லிவிடாது. சீல் வைத்த தபால் பைகளை இடைவழி அலுவலகங்கள் திறப்பதில்லை. அங்கே முத்திரையும் விழாது. பல சமயம் துப்பு கொடுப்பவை இரண்டு தேதிகள்தான்: அனுப்பிய ஊரின் முத்திரை, வந்து சேர்ந்த ஊரின் முத்திரை.

உதாரணம், 1967 ஜூன். அரபு-இஸ்ரேல் போரில் மூடப்பட்ட சூயஸ் கால்வாய் 1975 ஜூனில்தான் திறந்தது. அந்த எட்டு ஆண்டுகளும் லண்டன்-பம்பாய் கப்பல்கள் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி வந்தன. அவற்றில் வந்த பார்சல் உறையில் கேப்டவுன் பெயரைத் தேடினால் ஏமாற்றம்தான். இரண்டு தேதிகளுக்கு நடுவே கூடிப்போன நாட்களே சாட்சி. தபால்தலையை மட்டும் வெட்டி எடுத்தவர் கையில் ஒரு தேதி இருக்கும், அதுவும் அரைகுறையாக. மற்ற தேதி குப்பையில்.

கூடவே போனது சுங்கச் சீட்டு. உள்ளே கம்பளிச் சட்டையா, புத்தகமா, எடை எவ்வளவு, மதிப்பு எவ்வளவு என்று அனுப்பியவரே எழுதித் தரும் சீட்டு அது. வெளிநாட்டில் இருந்தவர் வீட்டுக்கு எதை அனுப்பினார் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

ஆகவே, பரணில் பழைய உறை அகப்பட்டால் வெட்ட வேண்டாம். சீட்டை உரிக்க வேண்டாம், செல்லோ டேப் ஒட்ட வேண்டாம். இருபுறமும் படமெடுத்து, மடிக்காமல் வைத்தால் போதும்.

இன்றைய பார்சலுக்கு 13 எழுத்தும் எண்ணும் கொண்ட பார்கோடு. எங்கே, எப்போது என்று படிப்படியாகக் காட்டுகிறது. ஆனால் அந்த விவரம் இருப்பது கம்ப்யூட்டரில், உறையில் அல்ல. பழைய துணி உறை தன் பயணத்தைத் தானே சுமக்கிறது, கத்தரிக்கோல் படாதவரை.