முட்டிக்குள்ள ஒரு ட்ரஸ் இருக்கு

போன பொங்கலுக்கு கச்சிராயபாளையம் பக்கம் கபடி. ரெய்டு போயிட்டு திரும்புறப்போ கால் மண்ணுல ஊனி நின்னுடுச்சு, உடம்பு மட்டும் திரும்பிச்சு. முட்டிக்குள்ள டப்புனு ஒரு சத்தம். எக்ஸ்ரேல "எலும்புக்கு ஒண்ணும் இல்ல"ன்னாங்க. மூணு வாரத்துல வலி போச்சு, நானும் மறந்துட்டேன்.

அப்புறம் கல்வராயன் மலைக்கு, வெள்ளிமலை ஃப்ரெண்டு வீட்டுக்குப் போனேன். ஏறுறப்போ பிரச்சினை இல்ல. இறங்குறப்போதான் முட்டி திடீர்னு நழுவுது. எம்ஆர்ஐ எடுத்தா ஏசிஎல் கிழிஞ்சிருக்கு. கால் எலும்பு முன்னாடி நழுவாம பிடிச்சு வைக்கிற தசைநார் அது. ரிப்போர்ட்ல இன்னொரு வரி: எலும்புக்குள்ள கன்னிப்போன காயம். தசைநார் அறுந்த நொடியில ரெண்டு எலும்பும் மோதிக்கிட்ட தடம்.

நான் கவலைப்பட வேண்டியது அந்த வரிக்குத்தான்னு அப்புறம் படிச்சப்போதான் புரிஞ்சது.

குருத்தெலும்புக்குக் கீழ இருக்கிற எலும்பு கெட்டிக் கல் இல்ல. மெல்லிய தகடும் கம்பியும் பின்னின ஒரு ஸ்பேஸ் ட்ரஸ். சிவில் பசங்களுக்குப் பிடிக்கும். லோடு வர்ற இடத்துல எலும்பு வளரும், வராத இடத்துல கரையும்னு 1892-லயே ஜெர்மன் டாக்டர் ஜூலியஸ் வோல்ஃப் எழுதிட்டார். அடிபட்டதும் நாம நொண்டுறோம், தொடைத் தசை சுருங்குது, லோடு குறையுது. கூடவே உள்ள அழற்சி. எலும்பைக் கரைக்கிற செல்களுக்குக் கொண்டாட்டம்! முதல் சில மாசத்துலயே கம்பிகள் மெலியும், சிலது அறுந்தே போகும். மெலிஞ்ச கம்பி திரும்பத் தடிக்கலாம். ஆனா புது எலும்பு படியறதுக்கு பழைய எலும்போட பரப்பு வேணும்; அறுந்து கரைஞ்ச மெம்பர் திரும்ப வர்றது கஷ்டம். சாதாரண எக்ஸ்ரேல இது தெரியவே தெரியாது.

கொஞ்சம்தானே குறையுதுன்னு நினைக்காதீங்க. கார்ட்டர், ஹேஸ் ரெண்டு பேரும் 1977-ல காட்டின கணக்குப்படி, எலும்போட ஸ்டிஃப்னஸ் அடர்த்தியோட கனத்துக்கு ஏத்த மாதிரி மாறும். அடர்த்தி 10% குறைஞ்சா 0.9 × 0.9 × 0.9 = 0.729. ஸ்டிஃப்னஸ்ல 27% காலி.

வருஷக்கணக்குல கதை தலைகீழாகும். குருத்தெலும்புக்கு அடியில இருக்கிற எலும்புத் தகடு தடிச்சு இறுகும், ஓரத்துல முள் முளைக்கும். மேல இருக்கிற குருத்தெலும்பு தேயும். அதுல நரம்பே கிடையாது, அதனால ஆரம்பத்துல வலிக்காது. ஏசிஎல் கிழிஞ்சவங்கள்ல ஏறக்குறைய பாதிப் பேருக்கு 10–20 வருஷத்துல மூட்டுத் தேய்மானம் வருதுன்னு ஆய்வுகள் சொல்லுது. எனக்கு இப்போ 21. நீங்களே கூட்டிப் பாருங்க.

ஆபரேஷன் பண்ணா முட்டி நழுவாது. ஆனா தேய்மானத்தைத் தடுக்கும்னு இதுவரை யாரும் நிரூபிக்கல. என் கையில இருக்கிறது தொடைத் தசையைத் தேத்துறதும், மறுபடி அடிபடாம பாத்துக்கிறதும்தான். ஊருக்குப் போறப்பல்லாம் கள்ளக்குறிச்சி பஸ் ஏறி ஃபிசியோதெரபி போறேன். டீம்ல கூப்பிட்டுட்டேதான் இருக்கானுங்க. இந்தப் பொங்கலுக்கு நான் ஸ்கோர் போர்டு பக்கத்துல உக்காந்துக்கிறேன்னு சொல்லிட்டேன்.